‘வாக்கிங் போங்க’ என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும்,

வணக்கம்.

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா இருக்கிறது. உடம்பெல்லாம் வலியும் அசதியும் நீங்காமல் இருக்கும் நோய் அது. அந்தப் பெயர் கிடைப்பதற்கு முன்பே நான்கு வருடமாக வலி இருந்தது. பெயர் கிடைத்த அன்று என் மருத்துவர் இரண்டு மாத்திரைகள் எழுதினார். எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், தலை சுற்றினால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். சீட்டை வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது: “அப்புறம், எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா. டெய்லி வாக்கிங் போங்க.”

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டேன். எப்படியாவது சரியாகிவிட வேண்டும் என்ற வேகம். முக்கால் மணி நேரம் விறுவிறுவென்று நடந்தேன். திரும்பி வந்தபோது உடம்பு லேசானது போலக்கூட இருந்தது. அடுத்த நாள் காலை தலைவாரச் சீப்பை எடுத்தேன். கை தோளுக்கு மேலே போகவில்லை. நடந்தது கால், வலித்தது தோள்பட்டை, கழுத்து, தாடை, விரல் கணுக்கள். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று நாள் படுத்தே கிடந்தேன். நான்காம் நாள், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று மறுபடி முக்கால் மணி நேரம். இந்த முறை ஐந்து நாள் படுக்கை. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபிறகு, உடற்பயிற்சி என் உடம்புக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவோடு இரண்டு வருடம் போனது. வலி குறையவில்லை. ஒரு மாடி ஏறினால் தொடை நடுங்கியது, ஈரத்துணியைப் பிழிந்தால் மணிக்கட்டு அன்று முழுக்க வலித்தது. வாக்கிங் எனக்கு ஒத்துவரவில்லை என்று இன்னொரு மருத்துவரிடம் சொன்னபோது, “நீங்கதான் கொஞ்சம் மனசு வைக்கணும்” என்றார். மனசு வைத்து மூன்று தடவை படுத்தவள் நான்.

உங்கள் மேல் கோபப்பட்டு இதை எழுதவில்லை. நீங்கள் சொன்னது சரியான மருந்து. ஆனால் அளவு சொல்லாமல் கொடுத்தீர்கள்.

அது எவ்வளவு சரியான மருந்து என்பது பின்னால் படித்தபோதுதான் எனக்கே புரிந்தது. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பான யூலார், ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான பரிந்துரைகளை 2016ல் திருத்தி வெளியிட்டது. மாத்திரைகள், மனநல ஆலோசனை, அக்குபங்சர், வெந்நீர்ச் சிகிச்சை என்று பலவற்றையும் எடைபோட்டார்கள். சிகிச்சைகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் ‘உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்’ என்ற தரம் கிடைத்தது. அது உடற்பயிற்சி. பிரிகாபலின், டுலோக்செடின் போன்ற மாத்திரைகள் உட்பட மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான். அப்படியென்றால் என் சீட்டில் மேலே எழுதியிருக்க வேண்டியதைத்தான் கதவருகில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. 1970களில் கனடாவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி என்ற தூக்க ஆராய்ச்சியாளர், ஆரோக்கியமான ஆட்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் சில இரவுகள் கலைத்துப் பார்த்தார். அவர்களுக்கும் எங்களைப் போலவே உடம்பெல்லாம் வலியும் அசதியும் வந்தன. நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களை மட்டும் அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. இந்த விஷயத்தைப் படித்த அன்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். 1988ல் மெக்கெயின் குழுவினர் 42 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இதயத் துடிப்பைக் கூட்டும் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி. 20 வாரம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவினரின் உடலில் தொட்டால் வலிக்கும் இடங்கள் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கின.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில், ஸ்வீடனில் நடந்து 2015ல் வெளியான ஒன்றைத் தயவுசெய்து பிசியோதெரபிஸ்ட்டுகள் கவனிக்க வேண்டும். அதில் கலந்துகொண்ட 130 பேரும் பெண்கள். ஒரு பிரிவுக்கு எடைப்பயிற்சி, மறு பிரிவுக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு முறை, 15 வாரம். எடைப்பயிற்சி செய்தவர்களுக்குத் தசைவலு கூடியதோடு வலியும் குறைந்தது. ஆனால் அவர்கள் தொடங்கிய விதம்தான் முக்கியம். ஒருத்தியால் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியுமோ, அதில் 40 சதவீதத்தில் ஆரம்பித்தார்கள். அவளோடு பேசி, அவள் சரி என்ற பிறகே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 80 சதவீதம் வரை கொண்டுபோனார்கள். வலி இருக்கும் பெண் எடை தூக்கவே கூடாது என்று எங்களிடம் சொல்லிவருகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். சும்மா இருக்க இருக்கத் தசை கரைகிறது. கரைந்த தசைக்கு ஒரு வாளித் தண்ணீரே பெரிய பாரம்.

அமெரிக்காவில் 226 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018ல் வெளியானது. தாய்ச்சி என்ற சீனத்து மெல்லசைவுப் பயிற்சியையும், இதயத் துடிப்பைக் கூட்டும் வழக்கமான ஏரோபிக் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். தாய்ச்சி செய்தவர்களுக்கு ஏரோபிக் செய்தவர்கள் அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ குணம் தெரிந்தது. 12 வாரம் செய்தவர்களைவிட 24 வாரம் செய்தவர்களுக்குப் பலன் அதிகம். எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. தாய்ச்சி வகுப்புக்கு ஆட்கள் ஒழுங்காக வந்தார்கள். ஏரோபிக் வகுப்புக்கு அவ்வளவாக வரவில்லை. எது சிறந்த பயிற்சி என்று கேட்டால், எதை அந்தப் பெண் அடுத்த மாதமும் செய்வாளோ அதுதான் என்று சொல்வேன். வெதுவெதுப்பான தண்ணீரில் செய்யும் பயிற்சிக்கும் ஆய்வுச் சான்று உண்டு. மூட்டுக்குப் பாரம் தெரியாது, முதல் மாதத்துக்கு அது பெரிய ஆறுதல். யோகா சிலருக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. ஆகவே வாக்கிங் மட்டும்தான் வழி என்று இல்லை. அவளிடம் கேளுங்கள்.

பலன் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காக்ரேன் அமைப்பு ஏரோபிக் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் பார்த்தபோது, 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாகச் சுமார் 11 புள்ளி குறைந்திருந்தது. 11 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். எனக்கு அது, நடுவில் உட்காராமல் குளித்து முடிக்க முடிகிற காலைக்கும் முடியாத காலைக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் ‘ஒரு மாசம் செஞ்சா வலியே இருக்காது’ என்று நம்பிப் போகிற பெண், இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுவாள். முதல் சில வாரங்களில் வலி சற்றுக் கூடலாம், அது உடம்புக்குள் எதுவும் கிழிந்ததாலோ தேய்ந்ததாலோ அல்ல, பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் என் இரண்டு வருடம் போயிருக்காது.

ஏன் எங்களுக்கு மட்டும் இப்படி ஆகிறது என்பதையும் எளிமையாக விளக்குங்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017ல் இந்த மாதிரி வலிக்கு என்றே ஒரு தனி வகையை ஏற்றுக்கொண்டது. திசுவில் காயம் இல்லை, நரம்பு அறுபடவில்லை, ஆனால் வலியைக் கையாளும் அமைப்பே மாறிப்போயிருக்கிறது. ரேடியோவின் ஒலியளவை யாரோ முழுக்கத் திருப்பி வைத்துவிட்டது மாதிரி என்று என் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். மற்றவர்கள் உடற்பயிற்சி செய்யும்போது உடம்பு தானாகவே வலியை மட்டுப்படுத்துகிறது. எங்களில் பலருக்கு அந்த வேலை சரியாக நடப்பதில்லை. சிலருக்குத் தலைகீழாகவே நடக்கிறது. கால் நடந்ததற்குத் தாடை ஏன் வலித்தது என்பதற்கு அன்றுதான் எனக்குப் பதில் கிடைத்தது. வலித்தது உண்மை, அதே சமயம் உடம்புக்குச் சேதம் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் ஒருவர் சொன்னதைக் கேட்டு நான் அவர் எதிரிலேயே அழுதேன்.

அந்தப் பிசியோதெரபிஸ்ட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதல் நாள் அவர் எந்தப் பயிற்சியும் கற்றுத்தரவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டி, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னார். நான்கு முறை எழுந்தேன். ஐந்தாவதுக்குத் தயாரானபோது, “போதும், இன்னிக்கு நாலு உங்களால முடியும்னு தெரிஞ்சுது. நாளைலேருந்து ரெண்டு பண்ணுங்க” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாலு முடிகிறவளை ஏன் இரண்டு செய்யச் சொல்கிறார்? “மோசமான நாள்லயும் செய்யக்கூடிய அளவுலதான் ஆரம்பிக்கணும்” என்றார். நடையும் அப்படித்தான். ஐந்து நிமிடம். வேகம் எவ்வளவு என்றால், பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நல்ல நாளாக இருந்தாலும் ஐந்து நிமிடம்தான். அந்த விதி எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. உடம்பு லேசாக இருக்கும் நாளில் வீட்டை முழுக்கத் துடைத்து, அலமாரியை அடுக்கி, அப்புறம் நான்கு நாள் விழுந்து கிடப்பதுதான் அதுவரை என் வாழ்க்கையாக இருந்தது. அவர் அதைத்தான் முதலில் நிறுத்தினார்.

ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். மூன்றே கட்டங்கள்: என்ன செய்தேன், மறுநாள் காலை எப்படி இருந்தது, அதற்கு மறுநாள் எப்படி இருந்தது. செய்த அன்று எப்படி இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை, ஏனென்றால் எங்களுக்குக் கணக்கு வருவது ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான். இரண்டு வாரம் நோட்டு சமமாகப் போனால் ஒரு நிமிடம் கூட்டலாம். வலி கிளம்பினால் பாதியாகக் குறைக்கலாம், ஆனால் பூஜ்யத்துக்குப் போகக் கூடாது. படுக்கையில் இருந்தபடியே கணுக்காலைச் சுழற்றியதைக்கூட அவர் ‘செய்தாள்’ என்றுதான் எழுதினார். எலாஸ்டிக் பட்டையை இழுக்கும் பயிற்சி மூன்றாவது மாதம்தான் வந்தது. அதிலும், இழுத்ததை மெதுவாக விடுவதை அதிகம் செய்யக் கூடாது, தசை வலி அதில்தான் கூடுதலாக வரும் என்று எச்சரித்தார். மாடிப்படி ஏறுவதைவிட இறங்கிய மறுநாள்தான் எனக்குத் தொடை பிடித்துக்கொள்ளும் காரணமும் அப்போது தெரிந்தது.

ஐந்து நிமிடம் முப்பது நிமிடமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வலி இன்னும் இருக்கிறது. சீப்பு தலைக்குப் போகிறது.

இப்போது உங்களிடம் நேராகக் கேட்கிறேன். மாத்திரை எழுதும் அதே சீட்டில் பயிற்சியையும் எழுதுங்கள். என்ன பயிற்சி, வாரத்துக்கு எத்தனை நாள், முதல் நாள் எத்தனை நிமிடம், எப்போது எவ்வளவு கூட்டலாம், வலி கிளம்பினால் எவ்வளவு குறைக்கலாம், மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும். ஐந்து வரிகூட ஆகாது. உங்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நேரம் இல்லையென்றால் இதைத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பிவிடுங்கள். ஆனால் அனுப்பும் சீட்டில் ‘உடல்வலி’ என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதிய சீட்டோடு போனபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் பத்து நாள் வெப்ப ஒத்தடமும் மின்சார மசாஜும்தான். சுகமாகத்தான் இருந்தது. பதினோராவது நாள் பழைய வலியே.

பெண்களைப் பற்றித் தனியாகச் சில வார்த்தைகள். இந்த நோய் எங்களிடம் அதிகம் கண்டறியப்படுகிறது. அதில் ஒரு பங்கு அளவுகோலிலேயே இருந்தது. 1990ல் வந்த விதிப்படி 18 இடங்களை அழுத்திப் பார்த்துக் குறைந்தது 11ல் வலித்தாக வேண்டும். பெண்களுக்கு அழுத்தத்தால் வலி எளிதில் வரும் என்பதால் ஆண்கள் பலர் விடுபட்டார்கள். 2010ல் அந்த அழுத்திப் பார்க்கும் விதியை எடுத்தபிறகு இடைவெளி குறைந்திருக்கிறது. ஆண் நோயாளிகளையும் தயவுசெய்து தேடுங்கள். எங்களுக்கு இன்னொரு சிக்கல், ‘வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே’ என்ற பேச்சு. அது பயிற்சி ஆகாது. பயிற்சியில் நான் அளவை முடிவு செய்கிறேன், நடுவில் நிறுத்தலாம், மறுநாள் குறைக்கலாம். வேலையில் அது எதுவும் என் கையில் இல்லை. குனிந்த இடுப்பு வேலை முடியும்வரை குனிந்தேதான் இருக்கும். சொல்லப்போனால், பயிற்சி தொடங்கும் வாரத்தில் வேலையைக் குறைத்தாக வேண்டும். இதை எங்களிடம் சொன்னால் போதாது, கூட வந்திருக்கும் வீட்டாரிடம் நீங்கள் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் அது சாக்கு. நீங்கள் சொன்னால் சிகிச்சை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, இதைத் தவறவிட்டால் உண்மையிலேயே கெடுதல். எங்களைப் போலவே வலியும் அசதியும் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் சிலருக்கு நாள்பட்ட சோர்வு நோய் இருக்கும். சின்ன உழைப்புக்கே ஓரிரு நாள் கழித்து உடம்பும் மூளையும் சேர்ந்து சரிந்து, வாரக்கணக்கில் எழ முடியாமல் போகும். அவர்களுக்குப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ‘பயிற்சி செஞ்ச மறுநாள் என்ன ஆகுது, அது எத்தனை நாள் நிக்குது’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாத்திரையால் தலை சுற்றுகிறதா என்பதும் கேட்க வேண்டியதுதான். பிரிகாபலின் தொடங்கிய மாதத்தில் ஒரு காலில் நிற்கும் பயிற்சி செய்து நான் விழப் பார்த்தேன்.

கடைசியாக, அடுத்த முறை வரும்போது, ‘வாக்கிங் போறீங்களா’ என்று கேட்காதீர்கள். அதற்கு ‘போறேன்’ என்ற பொய்தான் பதிலாக வரும், நானே சொல்லியிருக்கிறேன். ‘போன வாரம் எந்த நாள் முடியலை, அன்னிக்கு என்ன ஆச்சு’ என்று கேளுங்கள். பதில் சொல்ல எங்களிடம் நிறைய இருக்கிறது.

எனக்கு அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கும் முறை. நோட்டை எடுத்து வருகிறேன். மாத்திரைச் சீட்டை எழுதுவதற்கு முன்னால் அதைப் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்கிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி